குட்டி யானைக்கு மானியம் கிடையாதா?

தாம்பரம்—

விடியற்காலை 4 மணி. மேற்கு தாம்பரம் சண்முகம் சாலை மார்க்கெட் பகுதி. கோயம்பேட்டில் இருந்து பைபாஸ் வழியாக வந்த காய்கறி வண்டிகளில் மூட்டை இறக்குகிறார்கள். சில வண்டிகளில் என்ஜினை அணைப்பதே இல்லை. புகை குப்குப் என்று வருகிறது. சுமை தூக்கும் தொழிலாளி மூக்கைப் பொத்தலாம் என்றால் கை இல்லை. தலையில் மூட்டை!

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே அறிவித்துவிட்டது. அந்தப் புகையைக் கடை வாசலுக்கே கொண்டு வருவது பெரிய லாரிகள் மட்டும் அல்ல. சந்து பொந்தெல்லாம் நுழையும் "குட்டி யானை" வண்டிகளும்தான்.

ரூ.9.60 லட்சம் யாருக்கு?

மின்சார லாரி வாங்குவோருக்கு மத்திய அரசு 2025 ஜூலையில் மானியம் அறிவித்தது. "பி.எம். இ-டிரைவ்" என்பது திட்டத்தின் பெயர். ஒரு லாரிக்கு அதிகபட்சம் ரூ.9 லட்சத்து 60 ஆயிரம். சுமார் 5,600 லாரிகளுக்குக் கிடைக்கும். பழைய லாரியை உடைப்புக்குப் போட்டதற்குச் சான்று காட்ட வேண்டும்.

நல்ல திட்டம்தான். ஆனால் ஒரு கண்டிஷன். சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3½ டன்னுக்கு மேல் உள்ள லாரிகளுக்கு மட்டுமே இந்தப் பணம். துறைமுகம், சிமெண்டு, இரும்பு கம்பெனிகளுக்கு ஓடும் லாரிகளுக்கு யோகம்! 3½ டன்னுக்குள் அடங்கும் குட்டி யானை, இந்தப் பட்டியலிலேயே இல்லை.

பேட்டரியில் ஓடும் குட்டி யானை 2022-லேயே வந்துவிட்டது. விலைதான் டீசல் வண்டியை விட அதிகம். "இருக்கிற வண்டிக்கே டியூ கட்ட முடியல, பேட்டரி வண்டிக்கு எங்கே போறது?" என்று சொந்த வண்டி ஓட்டும் டிரைவர் கேட்டால், யாரிடம் பதில் இருக்கிறது?

தாம்பரம் தெருக்களில் குப்பை வாங்கப் பேட்டரி வண்டி வருகிறது. பெரும்பாக்கம் டெப்போவில் இருந்து 2025 ஆகஸ்டு முதல் மின்சார பஸ் ஓடுகிறது. குப்பைக்கு உண்டு, கத்தரிக்காய்க்கு இல்லையா?

புகை போனால் போதுமா?

2025 ஜூன் மாதம் பெரம்பூரில், தாயுடன் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போன சிறுமி தண்ணீர் லாரி மோதி இறந்தாள். சென்னையே பதறியது. போலீசார் மீது நடவடிக்கை பாய்ந்தது. பேட்டரி லாரி மோதினாலும் உயிர் போகத்தான் செய்யும். காலையில் பிள்ளைகள் போகிற நேரத்தில் லாரி வராமல் இருப்பதுதான் முக்கியம்.

இங்கேதான் பேட்டரி வண்டி கைகொடுக்கும். சத்தம் குறைவு. ஊர் தூங்கும்போதே வந்து, யாரையும் எழுப்பாமல் சரக்கு இறக்கிவிட்டுப் போகலாம். பகலில் ஜி.எஸ்.டி. ரோட்டிலும் வேளச்சேரி ரோட்டிலும் பிள்ளைகளுக்கு வழி கிடைக்கும்.

சத்தம் இல்லாததே ஆபத்தாகவும் முடியலாம். மெதுவாகப் போகும்போது ஒலி எழுப்பும் கருவி மின்சார வண்டிகளில் கட்டாயம் என்று மத்திய அரசு 2025-ல் வரைவு விதி வெளியிட்டது. அது ஏட்டோடு நின்றுவிடக் கூடாது.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய லாரிக்குக் கொடுப்பதில் ஒரு பங்காவது குட்டி யானைக்கும் கொடுங்கள். கூட்டுறவு வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுங்கள். மார்க்கெட் பக்கத்தில் சார்ஜ் போட மாநகராட்சி இடம் ஒதுக்கட்டும். பள்ளி நேரத்தில் வரும் லாரி, டீசலோ பேட்டரியோ, போலீசார் மடக்கட்டும்.

கம்பெனி லாரிக்கு 9 லட்சம். காய்கறி வண்டிக்கு பூஜ்யம். கோட்டையில் இருப்பவர்களும் டெல்லியில் இருப்பவர்களும் கவனிப்பார்களா?