தொகுத்தவர் ஆசிரியராகலாமா?

'ஆசிரியர்' என்ற ஒரே சொல் நம்மிடையே எழுதியவருக்கும் பதிப்பித்தவருக்கும் பொதுவாகிக் கிடக்கிறது. (வகுப்பில் நிற்கும் எனக்கும் அதே பெயர்தான்.) இந்த மயக்கத்தில் நட்டப்படுபவர் எழுதியவரே. பலரது கதைகள் சேர்ந்த தொகுதியொன்று அண்மையில் கைக்கு வந்தது. அட்டையில் தொகுத்தவர் பெயர் மட்டும். பொருளடக்கத்தில் தலைப்பும் பக்க எண்ணும். எழுதியவரை அறியக் கதையின் கடைசி வரிவரை போகவேண்டும். நூலகப் பட்டியலிலும் தொகுத்தவரே ஆசிரியர்!

கிழக்கிலங்கை நாட்டார் கவிகளின் கதி இன்னும் மோசம். கவி சொல்லித் தந்த உம்மாமாரின் பெயர் முன்னுரை நன்றியிற்கூட வருவதில்லை. கேட்டால், 'நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் ஏது?' என்பார்கள். சரி, அப்படியானால் கேட்டெழுதியவர் மாத்திரம் எப்படி ஆசிரியரானார்?

1842இல் சீறாப்புராணத்தை முதன்முதல் அச்சேற்றியவர் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். அவரே பெரும்புலவர். இருந்தும் சீறா இன்றுவரை உமறுப் புலவருடையதுதான்.

தொகுப்போரின் உழைப்பை நான் மறுக்கவில்லை. 'தொகுப்பு' என்று குறித்து அவர்கள் பெயரைத் தாராளமாகப் பொறிக்கலாம். பொருளடக்கத்தில் தலைப்புக்கு நேரே எழுதியவர் பெயரும், கவிக்கு நேரே சொன்னவர் பெயரும் ஊரும் வரட்டும். அதற்கு மேலதிகமாக ஒரு தாள்கூடச் செலவாகாது.