அரிசி விலையும் ஆட்சி வீழ்ச்சியும்

பட்டினியே புரட்சிக்குப் போதிய கரணியம் என நம்புவார் உளர். பட்டினி ஆட்சியைக் கவிழ்க்கும். கவிழ்ந்த இடத்தில் அமர்வார் எவர் என்பதை அது முடிவு செய்வதில்லை. இலங்கையில் 1953இல் நடந்த முழுவடைப்பு இதற்குத் தக்க சான்று.

கொரியப் போரால் ஏறியிருந்த இரப்பர் விலை, போர் தணியத் தணிய இறங்கியது. இறக்குமதி அரிசியின் விலையோ ஏறியது. பங்கீட்டு அரிசியைக் குறைந்த விலைக்குத் தர அரசு தாங்கிய செலவு கருவூலத்தை அரித்தது. கொத்து 25 சதத்திற்கு விற்ற அரிசியை, நிதியமைச்சர் செயவர்த்தனா சூலையில் 70 சதமாக்கினார். பள்ளிப் பிள்ளைகளின் நண்பகல் உணவும் நின்றது. பணமுடை உண்மையே, அதற்கு ஈட்டை ஏழையின் உண்கலத்தில் தேடியதே கொடுமை.

ஆகத்து 12இல் இடதுசாரிகளின் அழைப்பிற்கிணங்கக் கடைகளும் தொழிற்சாலைகளும் மூடப்பட்டன. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். தலைமையமைச்சர் தட்லி சேனநாயகாவின் அமைச்சரவை, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. (விடுதலை பெற்று ஐந்தாண்டு கழிந்தும் ஆங்கிலேயன் கப்பலே புகலிடம்!) அக்தோபரில் அவர் பதவி விலகினார்; அரிசி 55 சதமாக இறங்கியது.

வடபுலத் தமிழரும் அன்று கடையடைத்தனர். தமிழரசுக் கட்சியும் துணை நின்றது. ஆயின் அரிசி வாங்கிய பணம் எவர் உழைப்பில் விளைந்தது? ஏற்றுமதி வருவாயில் தேயிலையே முதன்மை. கொழுந்து கிள்ளியன மலையகத் தமிழர் கைகள். அவருள் பெரும்பாலோரின் குடியுரிமையை 1948இலும், வாக்குரிமையை 1949இலும் பறித்த சட்டங்கள், அரிசி விலை தளர்ந்தபோதும் தளரவில்லை.

முழுவடைப்பில் தம் கட்சியை இறக்காது ஒதுங்கிய பண்டாரநாயகா, மக்கள் சினத்தை 1956 தேர்தலில் அறுவடை செய்தார். அவர் தந்தது தனிச் சிங்களச் சட்டம். அன்று அதனை எதிர்த்து வாதாடிய சமசமாசக் கட்சியோ 1964இல் அமைச்சரவை ஏறியது. அக்கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்று வகுத்த 1972 அரசமைப்பு, சிங்களமே ஆட்சிமொழி என நிலைநாட்டியது.

2022இல் இலங்கை கடனடைக்க இயலாது கைவிரித்தபோதும் கொழும்பில் மக்கள் திரண்டனர். சூலையில் கோத்தபய இராசபக்ச நாட்டைவிட்டு ஓடினார். அந்நாள்களிலும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும், காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார், 2017இல் தொடங்கிய தெருவோரப் போராட்டத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தனர். எரிபொருளுக்கு நின்ற வரிசைகள் பின்னர்க் கலைந்தன, அத்தாய்மார் கலையவில்லை.