கோடுகளும் நடை பயிலட்டும்!

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்" என்பது நம் முன்னோர் வாக்கு. இக்காலத்தில் கணிப்பொறியின் திரையும் ஒரு சுவர்தான். நம் பள்ளியில் அந்தச் சுவர் வரிசையாக இருக்கிறது. ஆனால் நாமோ அதன் முன் அமர்ந்து தட்டச்சுப் பழகுகிறோம், அட்டவணை போடுகிறோம், மணி அடித்ததும் எழுந்து போகிறோம். சுவர் இருந்தும் சித்திரம் எழுதாதவர்களாக இருக்கிறோமே என்பது எங்கள் மனக்குறை. வாரத்தில் ஒரு பாடவேளையாவது கார்ட்டூன் அசைபடம் செய்யக் கற்பதற்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பதே பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் கருத்து.

இதைக் கேட்டவுடன் பெரியவர்கள் சிரிக்கலாம். "பத்தாவது பரீட்சை எழுதப் போற பொண்ணுக்குப் பொம்மைப் படம் எதுக்குடி?" என்று எங்களுள் ஒருத்தியின் அம்மா கேட்டே விட்டார். அவருக்கும் சேர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இந்த எண்ணம் விளையாட்டாக எழுந்ததன்று. எங்களில் பலருடைய தந்தையர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர்கள். காலை ஷிப்டு என்றால் அந்த வீடுகளில் விடியுமுன்பே அடுப்பு எரியும். சென்ற ஆண்டு அங்கே ஒரு பட்டறையில், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்து இரண்டு வாரமே ஆகியிருந்த ஓர் இளைஞர், பிரஸ் மிஷினில் இரண்டு விரல்களை இழந்தார். அங்கே வேலை பார்க்கும் எங்கள் தோழியின் அப்பா அன்றிரவு சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தாராம். "சுவத்துல போர்டு மாட்டியிருக்கும்மா. தமிழ்ல இருக்கு, இங்கிலீஷ்ல இருக்கு. அந்தப் பையனுக்கு ரெண்டும் தெரியாது" என்றாராம்.

பலகையைப் படிக்கத் தெரியாததுதான் விபத்துக்குக் காரணம் என்று தீர்ப்புக் கூற எங்களுக்குத் தகுதி இல்லை. இயந்திரத்துக்குத் தக்க காப்பு இருந்ததா, புது ஆளுக்குப் பயிற்சி கொடுத்தார்களா என்பன பெரியவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள். ஆயினும் ஒன்று எங்களுக்குத் தோன்றியது. எழுத்துத் தெரியாதவரும் படத்தைப் படிப்பார். அந்தப் படம் அசைந்தால், எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்பதையும் கற்றுக்கொள்வார். பத்து விநாடி ஓடும் படம் ஒன்றை நாமே செய்தால் என்ன என்று நினைத்தோம்.

முதலில் பழைய முறையில் முயன்றோம். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றையும் இரண்டு முறை காட்டினாலும் விநாடிக்குப் பன்னிரண்டு படம் வரைய வேண்டும். பத்து விநாடிக்கு 120 படம்! மூன்று பேர் ஒரு வாரம் வரைந்தும் நாற்பதைத் தாண்டவில்லை. அதிலும் கை ஒரு தாளில் பருத்தும், அடுத்த தாளில் மெலிந்தும் காட்சியளித்தது. அப்போதுதான் எங்கள் கணிப்பொறி ஆசிரியை, "வெக்டார் முறையில் செய்து பாருங்கள்" என்று வழி காட்டினார்.

வெக்டார் என்றதும் மிரள வேண்டாம், தோழியரே! நம் வீட்டு வாசலில் நாம் நாள்தோறும் காண்பதுதான் அது. செல்பேசியில் எடுத்த புகைப்படம் சின்னச் சின்ன வண்ணக் கட்டங்களால் ஆனது. மிகவும் பெரிதாக்கினால் கட்டங்கள் பல்லைக் காட்டும். கோலம் அப்படியா? "பதினைந்து புள்ளி, எட்டு வரை, இடைப்புள்ளி" என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னால் போதும், பூசை அறையில் கையகலமாகவும் போடலாம், தெருவை அடைத்தும் போடலாம். புள்ளி எங்கே, கோடு எப்படி வளைகிறது என்ற விதி தெரிந்திருப்பதால் கோலம் எவ்வளவு பெரிதானாலும் சிதைவதில்லை. வெக்டார் படத்தில் கணிப்பொறியும் அந்த விதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது.

இந்த ஒப்புமை எங்கள் கற்பனை மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர்கள் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து, கோலங்களைக் கணிப்பொறிக்குரிய இலக்கண விதிகளால் அமைப்பது பற்றி 1974ஆம் ஆண்டிலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மூவரில் இருவர் பெண்கள் என்பதை நாம் பெருமையோடு நினைவில் கொள்ள வேண்டும்.

அந்த வளைகோட்டுக்கும் நம் மாவட்டத்துக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. வெக்டார் மென்பொருள்களில் கோட்டை வளைக்கும் முறைக்குப் பெசியே வளைவு என்று பெயர். பிரான்சு நாட்டில் ரெனோ கார் கம்பெனியின் பொறியாளர் பியேர் பெசியே, காரின் உடலை வடிவமைக்க 1960களில் அதைப் பயன்படுத்திப் புகழ் பெற்றார். அவருக்கு முன்பே, 1959இல், சிட்ரோயன் கம்பெனியில் பணிபுரிந்த பால் தெ காஸ்தெல்ஜோ என்ற கணித அறிஞர் அதே வளைவைக் கண்டறிந்திருந்தார். கம்பெனி அதை இரகசியமாக வைத்திருந்ததால் பெயர் மற்றவருக்குப் போயிற்று. அதே சிட்ரோயன் கார்கள் 2021 முதல் நம் திருவள்ளூரில் உருவாகின்றன. கார் செய்ய உதவிய கணக்கே கார்ட்டூன் செய்யவும் உதவுகிறது என்றால், பொம்மைப் படம் என்று அதை ஒதுக்கலாகுமா?

"இதற்கெல்லாம் விலை கொடுக்க யாரால் முடியும்?" என்பது அடுத்த கேள்வி. விலையே இல்லாதவை இருக்கின்றன. படம் வரைய இன்க்ஸ்கேப், அதை அசைக்க சின்ஃபிக் ஸ்டூடியோ. சின்ஃபிக்கை ராபர்ட் குவாட்டில்பாம் என்பவர் உருவாக்கி, 2005இல் யாவர்க்கும் பொதுவாக்கினார். எவரும் பயன்படுத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். எங்களுள் ஒருத்தியின் அக்காள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த பழைய மடிக்கணினியிலேயே இவை ஓடுகின்றன, சற்று மெதுவாக. விலையுயர்ந்த மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் பதிந்துகொள்ளும் பழக்கம் நம்மிடையே உண்டு. இலவசமாகக் கொடுப்பவர் இருக்கையில் நாம் ஏன் திருட வேண்டும்?

ஒரே கம்பெனியை நம்பி இருப்பதிலும் ஆபத்து உண்டு. 1996 முதல் வளர்ந்த ஃபிளாஷ் ஒரு காலத்தில் கார்ட்டூன் உலகையே ஆண்டது. 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு அதன் இயக்கிக்கு ஆதரவு நிறுத்தப்பட்டது. அதில் செய்த எண்ணற்ற விளையாட்டுகளும் பாடங்களும் வழக்கமான உலாவிகளில் திறக்காமற் போயின. பொதுவுடைமையான மென்பொருளை ஒருவர் கைவிட்டாலும் இன்னொருவர் எடுத்து வளர்க்க வழியுண்டு.

அண்டை மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் பல ஆண்டுகளாகப் பயன்பட்ட பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடநூலிலேயே சின்ஃபிக் கொண்டு அசைபடம் செய்யும் பாடம் இடம்பெற்றிருந்தது. 2018இல் அங்கு தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்களிலும் அனிமேஷன் ஒரு பயிற்சி. அந்தப் பிள்ளைகளும் பொதுத் தேர்வு எழுதுகிறவர்கள்தாமே!

இனி, தொடங்கும் முறையைச் சொல்கிறோம். முதல் நாளிலேயே இளவரசியும் குதிரையும் வேண்டாம். ஒரு பந்து போதும். சின்ஃபிக்கில் ஒரு வட்டம் வரையுங்கள். திரையின் கீழே பச்சை நிற மனித உருவம் ஒன்று தெரியும். அதை அழுத்தினால் சிவப்பாக மாறி, படத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு விழும். இனி நீங்கள் செய்யும் மாற்றங்கள் எல்லாம் நேரத்தோடு பதிவாகும் என்று பொருள். காலக்கோட்டின் தொடக்கத்தில் பந்து மேலே, பன்னிரண்டாம் படத்தில் தரையில். நாம் வைப்பது இரண்டே நிலைகள். இடையிலுள்ளவற்றைக் கணிப்பொறி நிரப்பிக்கொள்ளும்.

எங்கள் முதல் பந்து லிஃப்ட் இறங்குவதுபோல் ஒரே சீராக இறங்கியது. ஏன் என்று யோசித்தபோது இயற்பியல் பாடம் கைகொடுத்தது. ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட அரை விநாடி, அதாவது பன்னிரண்டு படங்கள் ஆகும். முதல் ஆறு படங்களில் அது கால் பங்கு தூரமே விழும். மீதி முக்கால் பங்கை அடுத்த ஆறு படங்களில் கடக்கும். அப்படி அமைத்தவுடன் பந்துக்கு எடை வந்துவிட்டது! புவியீர்ப்பு முடுக்கத்தைப் பத்து முறை எழுதிப் பார்த்தும் மனத்தில் பதியாதது அன்று பதிந்தது. தேர்வுக்கு இது கெடுதல் என்று இனி யார் சொல்ல முடியும்?

ஓர் எச்சரிக்கை. அந்தச் சிவப்பு மனிதரை அணைக்க மறந்து வேறு திருத்தம் செய்தால், அதுவும் அசைவாகப் பதிந்துவிடும். எங்கள் பந்து ஒருநாள் காரணமின்றிச் சுவரேறிப் போனது இதனால்தான். நாளுக்கு நாற்பது நிமிடம் என்று வரம்பு வைத்துக்கொள்வதும் நல்லது. இல்லையேல் கண்ணும் கெடும், கணக்குப் பாடமும் நின்றுவிடும்.

"வார்த்தையில் சொன்னாலே செயற்கை நுண்ணறிவு படம் செய்து தருகிறதே, நீங்கள் ஏன் கற்க வேண்டும்?" என்று கேட்பாரும் உண்டு. எங்கள் அனுபவமே விடை. பிரஸ் மிஷினில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டையும் இரு கைகளால் அழுத்தினால்தான் அது இறங்கும். கை உள்ளே அகப்படாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இதைப் படமாக்கித் தோழியின் அப்பாவிடம் காட்டினோம். அவர் பார்த்துவிட்டு, "ரெண்டு பொத்தானும் இவ்வளவு கிட்ட இருந்தா ஒரே கையால அமுக்கிடுவாங்கம்மா. தள்ளி வைங்க" என்றார். வேலை அறிந்தவர் சொன்ன சொல் அது. காகிதத்தில் வரைந்திருந்தால் 120 படங்களையும் மாற்ற வேண்டியிருக்கும். வெக்டாரில் பொத்தானை நகர்த்தி, கையின் நிலைகளைத் திருத்த அரை மணி நேரமே ஆயிற்று. கேட்டதைத் தரும் இயந்திரத்திடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை அறிய, நாமே செய்து தவறிப் பார்த்திருக்க வேண்டும்.

திருத்திய படத்தை அவர் தம் செல்பேசியில் எடுத்துச் சென்று, டீ நேரத்தில் உடன் வேலை செய்வோருக்குக் காட்டினார். அதில் ஒரு சொல்கூட இல்லை. பார்த்தவர்களில் பீகாரைச் சேர்ந்த ஒருவர், தம் இரு உள்ளங்கைகளையும் காற்றில் விரித்து வைத்து ஒருசேர அழுத்திக் காட்டினாராம். எங்களுக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடைக்கப் போவதில்லை.

பேச்சே இல்லாத படத்தை உலகமும் மதிக்கிறது. லாட்வியா என்னும் சிறிய நாட்டின் கின்ட்ஸ் சில்பலோடிஸ், பிளெண்டர் என்ற விலையில்லா மென்பொருளில் உருவாக்கிய 'ஃப்ளோ' என்ற வசனமற்ற படம் 2025இல் ஆஸ்கர் பரிசு பெற்றது.

பெண்களுக்கு இத்துறை புதிதும் அன்று. 1926இலேயே ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் என்ற பெண்மணி, காகிதத்தை வெட்டி நிழலுருவங்களாக அசைத்து முழுநீளப் படம் செய்தார். ஆனால் 1937இல் வெளிவந்த டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' காலத்தில், அந்நிறுவனத்தில் பெண்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது மை தீட்டும் வேலையும் வண்ணம் பூசும் வேலையுமே. எதை அசைப்பது என்று முடிவு செய்யும் இடம் ஆண்களுக்கே உரியதாக இருந்தது. அந்நிலை நமக்கு வேண்டாம்.

ஆகவே, பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களிடம் எங்கள் பணிவான வேண்டுகோள்: வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கணிப்பொறி அறையை எங்களுக்குத் திறந்து விடுங்கள். அடுத்த ஆண்டு நாங்கள் இவ்வகுப்பில் இருக்க மாட்டோம். எனவே இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் தங்கைகளுக்கு எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போக விரும்புகிறோம்.

அன்புத் தங்கைகளே! ஒரு பந்திலிருந்து தொடங்குங்கள். அது துள்ளக் கற்றதும், உங்கள் தெருவில் யாருக்கு எது புரியவில்லை என்று பாருங்கள். அதைப் படமாக்குங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி