கையை மட்டும் கேட்கும் கதைகள்

அரசுப் பள்ளிகளுக்குக் கதைசொல்லிகள் வருகிறார்கள். நல்ல விஷயம்தான். சென்னையிலிருந்து வேனில் முகமூடிகள், மேளம், வண்ணத் துணிகளோடு வந்து இறங்குகிறார்கள். ஏதோ ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் பணத்தில் உலக நாட்டுப்புறக் கதைகளை நடித்துக் காட்டிவிட்டுப் போகிறார்கள். பேனரில் தவறாமல் ஒரு சொல் இருக்கும்: ‘இன்டராக்டிவ்’. என் சண்டை அந்தச் சொல்லோடுதான்.

நான் பார்த்தவற்றில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் குழந்தைகளோடு உரையாடவில்லை. அவர்களுடைய கையையும் தொண்டையையும் கொஞ்ச நேரம் கடன் வாங்கின, அவ்வளவுதான். ‘எல்லாரும் கை தட்டுங்க.’ ‘சிங்கம் எப்படிக் கத்தும்? சத்தம் பத்தல, இன்னொரு தடவை!’ குழந்தை கத்தினாலும் சரி, கத்தாவிட்டாலும் சரி, கதை அதே இடத்துக்குப் போய் அதே நாற்பதாவது நிமிடத்தில் முடியும். மென்பொருளில் இப்படி ஒன்று உண்டு. திரையில் ஒரு பெட்டி எழும்பும், அதில் ‘ஓகே’ என்று ஒரே ஒரு பொத்தான் இருக்கும். அழுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. கொடுமை என்னவென்றால் அதற்கும் ‘டயலாக்’ பெட்டி என்றுதான் பெயர்.

உத்திரமேரூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அப்படி ஒரு நிகழ்ச்சி. அலுவலகத் தன்னார்வலர்களில் ஒருவனாக நானும் பின்வரிசையில் இருந்தேன். அன்று சொல்லப்பட்டது கானாவின் அக்கான் மக்களுடைய அனான்சி கதை. (‘இது ஆப்பிரிக்கா என்ற நாட்டுக் கதை’ என்று அறிமுகம் செய்தார்கள். அதை விட்டுவிடுவோம்.) சிலந்தி அனான்சி உலகத்து அறிவையெல்லாம் ஒரு பானையில் அடைத்து, யாருக்கும் எட்டாமல் மர உச்சியில் ஒளித்து வைக்கப் பார்க்கிறான். பானையை வயிற்றில் கட்டிக்கொண்டு ஏறுகிறான். பானை இடிக்கிறது, ஏற முடியவில்லை. கீழே நிற்கும் அவன் மகன், ‘முதுகில் கட்டிக்கொள்ளுங்கள் அப்பா’ என்கிறான். எல்லா அறிவும் தன்னிடம் இருப்பதாக நினைத்தவனுக்கு ஒரு பொடியன் வழி சொல்கிறான்! ஆத்திரத்தில் பானை நழுவி விழுந்து உடைய, அறிவு உலகமெங்கும் சிதறுகிறது.

அருமையான கதை. நடித்தவரும் திறமைசாலி. அனான்சி பானையோடு தடுமாறும் இடத்தில் நிறுத்தி, ‘இப்ப என்ன பண்ணலாம்?’ என்று கேட்டார். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். ‘அண்ணா, பானைய கயித்துல கட்டிட்டு, அவரு மொதல்ல மேல ஏறிட்டு, அப்புறம் இழுத்துக்கலாம்ல? எங்கப்பா கலவைச் சட்டிய அப்படித்தான் மாடிக்கு இழுப்பாரு.’

‘சூப்பர் பாப்பா! உக்காரு. இப்ப எல்லாரும் என்கூடச் சேந்து சொல்லுங்க: முதுகுல கட்டு! முதுகுல கட்டு!’

இருநூறு குழந்தைகள் கத்தினார்கள். அவளும் கத்தினாள்.

கொத்தனார் மகள் சொன்ன வழி அனான்சியின் வழியைவிட நல்லது, அவன் மகனின் வழியைவிடவும் நல்லது. அதைவிட முக்கியம், அது கதையையே புரட்டிப் போடுகிறது. கயிற்றில் இழுத்தால் பானை உடையாது. உடையாவிட்டால் அறிவெல்லாம் உச்சியில் ஒருவனிடமே தங்கிவிடும். அப்படியென்றால் அந்த நல்ல யோசனையை அனான்சியிடம் சொல்லலாமா, கூடாதா? தெரிந்த வழியைக் கெட்ட காரியத்துக்குக் கேட்கிறவனிடம் என்ன செய்வது? இந்தக் கேள்வியில் பெரியவர்களே தடுமாறுவார்கள். அது தானாக அந்த வகுப்பறைக்குள் வந்து நின்றது. ‘சூப்பர்’ சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஊருக்கு இன்னொரு விசேஷம் உண்டு. உத்திரமேரூர் என்றதும் பாடப்புத்தகத்தில் படித்த குடவோலை ஞாபகம் வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921 ஆண்டுகளின் கல்வெட்டுகள். 30 குடும்புகள், ஓலையில் பெயர், குடத்துக்குள் ஓலை. நாம் பெருமையாகச் சொல்லும் கதை. அதில் ஓலையை எடுப்பது யார் தெரியுமா? ஒரு சிறுவன். குடத்துக்குள் என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு பாலகன்தான் வேண்டும் என்கிறது கல்வெட்டு. அவன் எடுத்துக் கொடுப்பான், மத்தியஸ்தன் வாங்கிப் படிப்பான். முறைகேடு நடக்காமலிருக்க அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அங்கே தேவைப்பட்டது பையனின் கை மட்டும். அவன் ஒன்றும் அறியாதவனாக இருப்பதுதான் தகுதியே.

நம்முடைய ‘இன்டராக்டிவ்’ நிகழ்ச்சிகள் ஆயிரத்து நூறு வருடம் கழித்தும் அதே பாலகனைத்தான் தேடுகின்றன. ‘வாலன்டியர் யாராவது வாங்க’ என்று ஒரு பையனை மேடையேற்றி, மரமாக நிற்க வைத்து, கைதட்டு வாங்கிக் கொடுத்து இறக்கிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சபையில் உறுப்பினராக நிலம் வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். அறிவைப் பானையில் அடைத்து உயரத்தில் வைத்தவனின் கதைக்குள் நுழைய இந்த ஊர்க் குழந்தைகளுக்கு கானா வரை போக வேண்டியதில்லை. கோயில் சுவரே போதும். கதைசொல்லி அந்த ஊருக்கு வருவதற்கு முன் அந்த ஊரைப் பற்றி ஒரு மணி நேரம் விசாரித்திருந்தால் போதும்.

சரி, கேட்பவருக்கு இடம் கொடுத்துக் கதை சொல்வது முடியாத காரியமா? நம் வீடுகளில் நடந்ததுதானே. பாட்டி கதை சொன்னால் நாம் ‘உம்’ கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நிற்கும், ‘தூங்கிட்டியா?’ என்று குரல் வரும். அந்த ஒற்றை எழுத்துக்குக் கதையை நிறுத்தும் அதிகாரம் இருந்தது. ஹைத்தியில் கதைசொல்லி ‘கிரிக்?’ என்பார், கூட்டம் ‘கிராக்!’ என்று பதில் கொடுத்த பிறகுதான் கதை தொடங்கும். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் முடிவே இல்லாத கதைகள் இருக்கின்றன. யார் செய்தது சரி என்ற கேள்வியோடு சொல்பவர் நிறுத்திக்கொள்வார், மீதியைக் கூட்டம் வாதாட வேண்டும். மானுடவியலாளர் வில்லியம் பாஸ்கம் 1975-இல் அவற்றைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார்.

அவ்வளவு தூரம்கூட வேண்டாம். வேதாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கதையும் ஒரு கேள்வியில் முடியும். பதில் தெரிந்தும் விக்கிரமாதித்தன் வாயை மூடிக்கொண்டிருந்தால் தலை வெடித்துவிடும். கேட்பவன் மௌனமாக இருப்பதற்கு அங்கே தண்டனை. தலைகளை மாற்றி ஒட்டிவிட்ட பெண்ணுக்கு யார் கணவன் என்ற வேதாளத்தின் கேள்வியை 1940-இல் ஜெர்மன் மொழியில் தாமஸ் மன் குறுநாவலாக்கினார். அங்கிருந்து அதை எடுத்து கிரீஷ் கர்னாட் கன்னடத்தில் ‘ஹயவதனா’ எழுதினார். பதில் முடிந்துபோகாத கேள்வி என்பதால்தான் அது இவ்வளவு ஊர் சுற்றியது.

இந்த இடத்தில் ஒரு கூட்டம் சந்தோஷமாகத் தலையாட்டும்: ‘அதான் சொல்றோம், வெளிநாட்டுக் கதையெல்லாம் எதுக்கு? நம்ம கதையைச் சொல்லுங்க.’ இல்லைங்க, உங்களோடும் எனக்குச் சண்டைதான். நாம் நம்முடையது என்று சிரித்துச் சிரித்துப் படித்த பரமார்த்த குரு கதையை எழுதியவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர். 1822-இல் அது ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சானது. கதைகளுக்குப் பாஸ்போர்ட் கேட்டால் நம் கையில் பாதிகூட மிஞ்சாது. அனான்சி உத்திரமேரூருக்குக் கட்டாயம் வரவேண்டும். வந்தவன் ஊர்க்காரர்களோடு பேச வேண்டும், அவ்வளவுதான்.

வந்தவர் ஊரோடு பேசுவது எப்படி என்று இந்த மாவட்டமே சொல்லித்தரும். இங்கே பாரதக் கூத்து நடக்கிறது. கட்டியக்காரன் அரசனையே ‘நீ யாரு?’ என்று மடக்குவான், நடுவில் ஊர்ச் சங்கதியை இழுப்பான். பல ஊர்களில் பகாசுரன் வதத்தன்று வேடம் கட்டிய பீமன் வண்டியேறித் தெருத்தெருவாக வந்து வீட்டு வாசல்களில் சோறு வாங்குகிறான். அர்ச்சுனன் தபசு மரத்திலிருந்து எறியும் எலுமிச்சைக்காகக் கூட்டம் கையேந்தி நிற்கிறது. ஊரே கதைக்குள் இருக்கிறது. காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சை அரசன்தாங்கலில் பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலமே நடத்தினார்கள். பள்ளிப் படிப்போடு கட்டைக்கூத்தும், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. அந்தக் குழந்தைகள் ‘வாலன்டியர்’கள் அல்ல, கலைஞர்கள்.

கூத்தைப் புனிதப்படுத்தவில்லை. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டியது, யார் எங்கே உட்காரலாம் என்று சாதி முடிவு செய்தது, எல்லாம் அதே களத்தில்தான். அது குழந்தைகளுக்கான வடிவமும் இல்லை. நான் கேட்பது கூத்தின் வேடத்தை அல்ல. கட்டியக்காரனுக்கு இருக்கும் ஒரு உரிமையை, கதையை இடைமறிக்கும் உரிமையை, ஆறாம் வகுப்புச் சிறுமிக்கும் கொடுங்கள் என்கிறேன்.

கதைசொல்லி நண்பர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். ‘இருநூறு பிள்ளைங்க, நாற்பது நிமிஷம், மத்தியானம் அடுத்த ஸ்கூல். ஒவ்வொருத்தர் கேள்விக்கும் நின்னா எப்படி?’ நியாயமான பதில். அவர்களில் பலர் குறைந்த சம்பளத்துக்குத் தொண்டை கிழியக் கத்துகிறவர்கள். கோளாறு அவர்களிடம் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. பணம் கொடுப்பவர் கேட்பது எத்தனை பள்ளி, எத்தனை குழந்தை, எத்தனை போட்டோ. கை தூக்கிய இருநூறு பேர் போட்டோவில் அழகாக விழுவார்கள். ஒரு குழந்தை யோசித்துக்கொண்டிருப்பதை எந்த கேமராவிலும் பிடிக்க முடியாது. எங்கள் துறையிலும் இதே வியாதிதான். எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று டாஷ்போர்டு காட்டும், ஏன் என்று காட்டாது.

ஆகவே கோரிக்கை கதைசொல்லிகளிடம் பாதி, காசோலையில் கையெழுத்துப் போடுகிறவர்களிடம் பாதி. ஒரு தடவைக்கு முப்பது, நாற்பது குழந்தைகளுக்கு மேல் வேண்டாம். மேடை வேண்டாம், தரையில் வட்டமாக உட்காருங்கள். ‘இந்தக் கதையின் நீதி என்ன?’ என்று கேட்பதை நிறுத்துங்கள். கேள்வி கேட்டால் பதில் வரும், வந்தால் கதை அந்தப் பக்கம் போகட்டும். தொலைந்துபோனால் குழந்தைகளே திரும்பக் கூட்டி வருவார்கள். அதே பள்ளிக்கு இரண்டாவது முறையும் போங்கள். அப்போது முதலில் அவர்கள் சொல்லட்டும், நீங்கள் உம் கொட்டுங்கள்.

நிதி கேட்கும் படிவத்தில் ‘பயனாளிகளின் எண்ணிக்கை’ என்றொரு கட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே இன்னொன்று சேர்க்கச் சொல்கிறேன்: ‘இந்த ஊர்க் குழந்தைகளிடம் நீங்கள் கேட்டு வந்த கதை எது?’ அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த ஊருக்கு வேன் கிளம்ப வேண்டாம்.