எழுத்துப் போடும்போதே வெட்டிவிட்டார்கள்

இது நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் இப்போதே ஒரு லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். (கொஞ்சம் கோபித்துக்கொள்வேன்.)

1945 அக்டோபர் 14ஆம் தேதி ஆரம்பித்த ஏவி.எம். நிறுவனத்துக்கு 2025 அக்டோபரோடு 80 வயது ஆனது. மனிதர்கள் என்றால் சதாபிஷேகத்துக்கு நாள் பார்க்கும் வயது. இதையொட்டி என் பழைய மாணவர் ஒருவர், இப்போது அவருக்கே ஐம்பது ஆகிறது, தன் பிள்ளைகளை வடபழனியில் இருக்கும் ஏவி.எம். மியூசியத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். 2023 மே மாதம் முதலமைச்சர் திறந்து வைத்தாரே, அதுதான். பிள்ளைகளுக்குப் பழைய கார்களைப் பார்த்து ஒரே குஷியாம். வீட்டுக்கு வந்ததும் இவருக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவர் அப்பா கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவின் சவுண்ட் டிபார்ட்மெண்டில் உதவியாளராக இருந்தவர். ஏவி.எம்.மில் இல்லை, வேறு இடத்தில். ஒரு படத்தில் எழுத்துப் போடும்போது தன் பெயரும் வரும் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"டீச்சர், அந்தப் படத்தை யூடியூபில் தேடினேன். மூன்று இடத்தில் இருக்கிறது. மூன்றிலும் அப்பா பேர் இல்லை" என்றார்.

நானும் உட்கார்ந்து பார்த்தேன். படத்தின் பெயர் வருகிறது, நடிகர்கள் வருகிறார்கள், பாடல், இசை வருகிறது. அடுத்த நொடி ஒரு லோகோ சுழன்று வந்து முழுத்திரையையும் மூடுகிறது. அது போனதும் கதாநாயகி கோலம் போட்டுக்கொண்டிருக்கிறாள். நடுவில் இருந்த இரண்டு மூன்று அட்டைகள் போயே போய்விட்டன. எந்தக் கம்பெனி வெட்டியது என்று சொல்லப்போவதில்லை. ஒருவர் செய்தால் பெயர் சொல்லலாம், எல்லாரும் செய்கிற காரியம் இது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது காமதேனுவுக்கோ கபாலிக்கோ ஓட்டமும் நடையுமாகப் போகும் வழியில் அம்மா கேட்கும் ஒரே கேள்வி, "எழுத்துப் போட்டிருப்பானோ?" என்பதுதான். எழுத்துப் போடுவதற்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்துவிட வேண்டும். மயிலாப்பூரில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள்கூட அந்த எழுத்தைப் பார்ப்பார்கள். இன்று அந்த எழுத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் ஒரு சினிமா நிறுவனம் ஆண்டு விழா கொண்டாடினால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நேரு ஸ்டேடியம் மாதிரி ஒரு இடம், முன்வரிசையில் நடிகர்கள், ஆளுக்கொரு கேடயம், பழைய பாட்டுக்குப் புது நடனம், இரண்டு ஞாயிற்றுக்கிழமை டிவியில் விளம்பரத்தோடு ஒளிபரப்பு. பழைய படங்களுக்குச் செய்யும் மரியாதை என்பது மேடைக்குப் பின்னால் திரையில் முப்பது நொடிக்கு ஓடும் துண்டுக் காட்சிகள். "இதுதான் எங்கள் பொக்கிஷம்" என்பார்கள். பொக்கிஷத்தை முழுசாக எங்கே பார்ப்பது என்று யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

ஏவி.எம்.மைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நம் உறவில் பாதிப் பேருக்கு ராதாகிருஷ்ணன் சாலையில் ஏவி.எம். ராஜேஸ்வரி கல்யாண மண்டபத்தில்தான் கல்யாணம் நடந்தது, அந்த நன்றி இருக்கிறது. மியூசியம் வைத்ததே பெரிய காரியம். மற்றவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை. 'சந்திரலேகா' எடுத்த ஜெமினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் இன்று ஹோட்டல், சுவரில் அலங்காரத்துக்குச் சினிமா போஸ்டர். ஸ்டுடியோ பெயர் மேம்பாலத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1973இல் கட்டி அண்ணா மேம்பாலம் என்று பெயர் வைத்தும் பஸ் கண்டக்டர் "ஜெமினி இறங்கு" என்றுதான் சொல்கிறார். விஜயா வாஹினி இருந்த இடத்தில் ஆஸ்பத்திரியும் மாலும். அவர்களோடு ஒப்பிட்டால் ஏவி.எம். எவ்வளவோ மேல். அதனால்தான் அவர்களிடம் கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் கிடைக்கக்கூடிய இடத்தில்தானே கேட்பார்கள்?

காரும் கேமராவும் படம் எடுக்க உதவிய பொருள்கள். படம் என்பது படச்சுருள். அதன் நிலைமை என்ன தெரியுமா? தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்', 1931. பிரதி கிடையாது. அதே வருடம் வந்த இந்தியாவின் முதல் பேசும்படம் 'ஆலம் ஆரா', அதுவும் கிடையாது. நடராஜ முதலியார் கீழ்ப்பாக்கத்தில் எடுத்த 'கீசக வதம்', தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம், அதுவும் போச்சு. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. பிறகு வந்த அசிடேட் ஃபிலிம் சூடும் ஈரமும் சேர்ந்தால் வினிகர் நாற்றம் எடுத்துச் சுருங்கிவிடும். சூட்டுக்கும் ஈரத்துக்கும் நம் சென்னையில் பஞ்சமா? தப்பியதை வெள்ளி எடுக்கவென்று எடைக்குப் போட்டவர்களும் உண்டு.

என் தங்கை வீட்டுக்காரர் இதைப் படித்தால் உடனே கேட்பார்: "பழைய படத்தை எல்லாம் யார் அண்ணி பார்க்கிறார்கள்? செலவு யார் செய்வது?" மாப்பிள்ளை, 2012 மார்ச்சில் 'கர்ணன்' படத்தைச் சுத்தம் செய்து திரும்ப வெளியிட்டார்களே, 1964இல் வந்த படம், 100 நாள் தாண்டி ஓடியது. 2024இல் 'கில்லி'க்கு உங்கள் பையனே டிக்கெட் கிடைக்காமல் அலைந்தான். காசு இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது. எந்தப் படத்துக்கு என்பதுதான் கேள்வி. விசிலுக்கு உதவும் படம் திரும்ப வரும். 'அந்த நாள்' வராது.

'அந்த நாள்' பார்க்காதவர்கள் வெட்கப்பட வேண்டும், நான் வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். 1954, ஏவி.எம். படம். வீணை எஸ். பாலசந்தர்தான் இயக்குநர். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் நடக்கும் கதை. சிவாஜி கொலையாகிக் கிடக்கிறார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கதை சொல்கிறார்கள், ஜாவர் சீதாராமன் துப்புத் துலக்குகிறார். சிவாஜி தேசத்துரோகி! 'பராசக்தி' வந்து இரண்டே வருஷத்தில் அப்படி ஒரு வேஷம் கட்டினார், ஒரு முதலாளி அதற்குப் பணம் போட்டார். பாட்டில்லாமல் படம் எடுத்தால் கையைச் சுடும் என்று மெய்யப்ப செட்டியாருக்குத் தெரியாதா? தெரிந்தும் செய்தார். 80 வருஷத்தில் கொண்டாட வேண்டிய துணிச்சல் அதுதான். யார் கொன்றது என்று சொல்ல மாட்டேன், பாருங்கள்.

இன்னொன்று. பழைய படத்தை மதிப்பது என்றால் அதற்குக் கலர் பூசுவது என்று ஒரு நினைப்பு. 'மொகல்-ஏ-ஆஸம்' 2004இல், தெலுங்கு 'மாயாபஜார்' 2010இல் அப்படி வந்தன. ஓடின, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கறுப்பு வெள்ளைக்கு என்றே விளக்கு வைத்து நிழல் பார்த்து எடுத்த மனிதனுக்கு அது மரியாதையா? பாட்டியின் கல்யாண போட்டோவுக்கு லிப்ஸ்டிக் போடுகிற வேலை.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்கிறீர்களா? மெய்யப்ப செட்டியார் செய்ததையே செய்யச் சொல்கிறேன்.

'நாம் இருவர்' 1947இல் வந்தது, பாரதி பாடல்களோடு. அப்போது பாரதி பாடல்களின் இசைத்தட்டு உரிமையும் ஒலிபரப்பு உரிமையும் செட்டியாரிடம் இருந்தன, காசு கொடுத்து வாங்கியவை. வேறு படத்தில் பாரதி பாட்டு வந்தபோது அவர் வழக்குக்கும் போனார். நாடக உலகத்தினர், எழுத்தாளர்கள் எல்லாரும் பாரதி பொதுச்சொத்து என்று குரல் கொடுத்தார்கள். 1949இல் சென்னை மாகாண அரசு முன்வந்தபோது செட்டியார் தன்னிடம் இருந்த உரிமையை ஒரு பைசா வாங்காமல் கொடுத்துவிட்டார். நம் பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழாவுக்கு யாரையும் கேட்காமல் பாரதி பாட்டுப் பாடினோமே, அதில் இதற்கும் பங்கு உண்டு. ஆ. இரா. வேங்கடாசலபதி இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார், வாங்கிப் படியுங்கள்.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். இந்தியாவில் திரைப்படத்துக்குக் காப்புரிமை 60 வருஷம். 'பராசக்தி' 2012 முடிவோடு, 'அந்த நாள்' 2014 முடிவோடு, கமல் சின்னப் பையனாக வந்த 'களத்தூர் கண்ணம்மா' 2020 முடிவோடு, 'சர்வர் சுந்தரம்' 2024 முடிவோடு அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டன. படம் என்ற அளவில் அவை இப்போது ஊர்ச்சொத்து. ஆனால் எதை எடுத்துப் போடுவது? டிவிக்காக என்றோ எடுத்த தேய்ந்த வீடியோ பிரதியும், எழுத்து வெட்டிய யூடியூபும்தான் ஊரிடம் இருக்கின்றன. நல்ல நெகட்டிவ் எங்கே மிஞ்சியிருந்தாலும் அது பூட்டிய அறையில். உரிமை தெருவுக்கு வந்துவிட்டது, படம் வரவில்லை.

ஆகையால், 80ஆம் ஆண்டுக்கு மேடை வேண்டாம். கையில் இருக்கும் நெகட்டிவ், பிரிண்ட் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் வெளியிடுங்கள், என்ன இருக்கிறது, என்ன போய்விட்டது என்று. ஒரு பிரதியைப் புனேயில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்துக்குக் கொடுங்கள். வருஷத்துக்கு நாலு படம், வெட்டாமல், கலர் பூசாமல், எழுத்து முதல் வணக்கம் வரை, பள்ளிக்கூடங்கள் இலவசமாகப் போட்டுக்காட்டும்படி விடுங்கள். சம்பளப் பேரேடுகள் மிஞ்சியிருந்தால் அதில் உள்ள லைட்மேன், தச்சர், தையல்காரர் பெயர்களை மியூசியச் சுவரில் எழுதுங்கள், காருக்குப் பக்கத்திலேயே. அரசாங்கத்தையும் விட மாட்டேன். இத்தனை முதலமைச்சர்களைச் சினிமாவிலிருந்து எடுத்துக்கொண்ட மாநிலத்தில், குளிர்சாதன வசதியோடு படச்சுருளுக்கென்று ஒரு பெரிய காப்பகம் சென்னையில் இருக்க வேண்டாமா?

நீங்களும் ஒரு வேலை செய்யுங்கள். பரணில் பாட்டிகளின் டிரங்குப் பெட்டி இருந்தால் பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் திறந்து பாருங்கள். அரையணாப் பாட்டுப் புத்தகம் கிடைக்கலாம். அதில் கதைச்சுருக்கமும் பெயர்ப்பட்டியலும் அச்சடித்திருப்பார்கள். படமே காணாமல் போன பிறகும் அந்தப் புத்தகம் பேசும். தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் அப்படிப்பட்டவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். என் மாணவரையும் அங்கேதான் போகச் சொல்லியிருக்கிறேன், அப்பா படத்தின் பாட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று பார்க்க. சனிக்கிழமை போகிறார். நானும் கூடப் போகிறேன், மந்தைவெளியிலிருந்து ஆட்டோவில். இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது, வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள்.