சீட்டுக் கம்பெனிக்கு யார் சாட்சி?

உலகத்தின் தலைசிறந்த பத்து போக்கர் ரூம்கள் என்று ஒரு பட்டியல் கண்ணில் பட்டால், ஒவ்வொன்றுக்கும் நாலரை நட்சத்திரம், நாலே முக்கால் நட்சத்திரம் என்று தங்கக் கலரில் ஒட்டியிருந்தால், முதலில் ஒரு கேள்வி கேளுங்கள். இந்த நட்சத்திரத்துக்குக் காசு கொடுத்தது யார்?

போக்கர் ரூம்தான். இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. தொழிலுக்குப் பெயர் 'அஃபிலியேட்'. பட்டியலில் இருக்கிற சுட்டியைத் தட்டி நீங்கள் ஒரு ரூமில் சேர்ந்து பணம் கட்டினால், பட்டியல் போட்டவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. அல்லது, நீங்கள் அங்கே ஆடுகிற வரைக்கும் உங்களால் ரூமுக்கு வருகிற வருமானத்தில் ஒரு பங்கு. கல்யாணத் தரகர் மாப்பிள்ளையைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? தரகராவது முகூர்த்தத்தன்று சாப்பாட்டை முடித்து, கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இவர் மாசா மாசம் வாங்குவார். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணானுக்கு வேலியிலிருந்தே சம்பளம்.

'அதான் தடை பண்ணியாச்சே, இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?' என்பீர்கள். ஆமாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எதுவானாலும், திறமையோ அதிர்ஷ்டமோ, நடத்தக் கூடாது. விளம்பரம் செய்யக் கூடாது. நடத்துகிறவருக்கு மூன்று வருஷம் வரை ஜெயில், ஒரு கோடி வரை அபராதம். உள்நாட்டு போக்கர் கம்பெனிகள் சில நாட்களிலேயே பணம் கட்டும் மேஜைகளை மூடிவிட்டன. நல்லது. ஆனால், ஆடிப் பழகிய கை சும்மா இருக்குமா? கடல் கடந்த ரூம்கள் இருக்கவே இருக்கின்றன. அவற்றுக்கும் டாப் டென் இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பேச்சு இப்போது அதிகமாகத் தேவைப்படுகிறது.

ஆடாதவர்களுக்காக ஒரு வரி. போக்கரில் நீங்கள் கம்பெனியோடு ஆடுவதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கிற இன்னொரு ஆளோடு ஆடுகிறீர்கள். நடுவில் சேரும் பணத்தில் ஐந்து சதவீதம் போல கம்பெனி எடுத்துக்கொள்ளும். அதற்கு 'ரேக்' என்று பெயர். நம் சீட்டுக் கம்பெனிக்காரர் ஏலத்தில் எடுக்கிற கமிஷன் மாதிரி. அந்தக் கமிஷனுக்குக்கூட நம் நாட்டில் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. ஐந்து சதவீதமாக இருந்ததை 2019ல்தான் ஏழாக்கினார்கள். தமிழில் இரண்டுக்குமே 'சீட்டு' என்று ஒரே பெயர் வைத்த புண்ணியவான் எவரோ, தீர்க்கதரிசி.

'யார் ஜெயித்தாலும் ரூமுக்குக் கமிஷன் வரப் போகிறது. அப்புறம் அவன் ஏன் சார் ஏமாத்தப் போறான்?' இந்தத் தொழிலுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் எல்லோரும் சொல்கிற முதல் வாதம் இதுதான். கேட்க நியாயமாக இருக்கும். பாங்க் ஏமாற்றாமல் இருக்கலாம். கேஷியர்?

2007 செப்டம்பர். அப்சல்யூட் போக்கர் என்ற ரூமில் ஆயிரம் டாலர் கட்டி ஆடும் ஒரு போட்டி. முதல் பரிசு வாங்கிய கணக்கின் பெயர் 'பாட்ரிப்பர்'. எதிராளி கையில் என்ன சீட்டு என்று தெரிந்த மாதிரியே ஆடினார். இரண்டாவதாக வந்தவருக்குச் சந்தேகம். அந்த ஆட்டத்தின் விவரங்களை அனுப்புங்கள் என்று கேட்டார். கம்பெனி ஒரு எக்செல் ஃபைலை அனுப்பியது. அவருடைய சீட்டு மட்டும் இருந்திருக்க வேண்டிய ஃபைலில் எல்லோருடைய சீட்டும் இருந்தது. கூடவே, யார் யார் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அந்த மேஜையை வேடிக்கை பார்த்தார்கள் என்கிற விவரமும் இருந்தது. ஆட்டக்காரர்களே உட்கார்ந்து துருவினார்கள். ஆரம்பத்தில் ஒழுங்காகச் சீட்டைப் போட்டுவிட்டு விலகிக்கொண்டிருந்த பாட்ரிப்பர், வேடிக்கை பார்க்க ஒரு குறிப்பிட்ட கணக்கு உள்ளே நுழைந்த பிறகு அடியோடு மாறியிருந்தார். எல்லோருடைய சீட்டையும் பார்க்கக்கூடிய கணக்கு அது. நூல் பிடித்துப் போனால், கோஸ்டாரிகாவில் கம்பெனிக்குள்ளேயே போய் நின்றது. அதுவரை 'அப்படி ஒன்றும் நடக்கவில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்த கம்பெனி, அக்டோபரில் 'நம்பிக்கைக்குரிய ஆலோசகர் ஒருவர்' செய்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டது.

இதன் உடன்பிறப்பு அல்டிமேட்பெட். அங்கே இதே கூத்து மூன்றரை வருஷத்துக்கு மேல் நடந்திருக்கிறது, 2004 மே முதல் 2008 ஜனவரி வரை. விசாரித்த கானவாகே கமிஷன் யாரைக் கை காட்டியது தெரியுமா? ரஸ் ஹாமில்டனை. 1994ம் வருஷத்து உலக சாம்பியன். அந்த வருஷம் சாம்பியனுக்குப் பரிசுப் பணம் போக, எடைக்கு எடை வெள்ளியும் கொடுத்தார்கள். அப்பேர்ப்பட்ட ஆள். ஆட்டக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிவந்த தொகை சுமார் 2.2 கோடி டாலர். ஹாமில்டன் மீது கிரிமினல் வழக்கு வரவில்லை.

இந்த இரண்டு மோசடியையும் கண்டுபிடித்தது லைசென்ஸ் கொடுத்த அதிகாரிகள் இல்லை. ஆடிட்டர் இல்லை. நட்சத்திரம் ஒட்டியவர்கள் நிச்சயமாக இல்லை. பணம் தோற்ற ஆட்டக்காரர்கள். ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் கணக்கைச் சேர்த்து வைத்து, 'இந்த விகிதத்தில் ஒரு மனுஷன் ஜெயிக்கவே முடியாது' என்று கிராஃப் போட்டுக் காட்டினார்கள். அதற்கப்புறம்தான் கமிஷன் அசைந்தது. ஆக, ஒரு ரூம் உங்கள் ஆட்டங்களின் முழு விவரத்தையும் கேட்டவுடன் கொடுக்குமா, கொடுக்காதா? இதற்கு எந்தப் பட்டியலில் நட்சத்திரம் போடுகிறார்கள்? 'கிராஃபிக்ஸ் அருமை' என்பதற்கு ஐந்து நட்சத்திரம் போடுவார்கள்.

கானவாகே என்றேனே, அது என்ன தெரியுமா? கனடாவில் மான்ட்ரியல் பக்கத்தில் மோஹாக் பழங்குடி மக்களின் பகுதி. அவர்களைக் குறை சொல்லவில்லை; பிழைப்புக்கு ஒரு வழி. ஆனால், ஊழியர்கள் கோஸ்டாரிகாவில், லைசென்ஸ் கானவாகேயில், பணம் கட்டுகிறவர் அமெரிக்காவில். யாருக்கு யார் பதில் சொல்வது? முகப்பில் பளபளவென்று இருக்கிற முத்திரையைப் பார்த்து ஆறுதலடைகிறவர்கள், அந்த முத்திரை குத்தியவர் எத்தனை கம்பெனியை எப்போது மூடியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். மூடின தேதியையும் பார்க்க வேண்டும். அடுத்த கதையே அதுதான்.

ஃபுல் டில்ட் போக்கர். இது சந்து பொந்துக் கம்பெனி இல்லை. ஒரு காலத்தில் உலகத்திலேயே இரண்டாவது பெரியது. இயக்குநர்கள் யார்? 2000ம் வருஷத்து உலக சாம்பியன் கிறிஸ் ஃபெர்குசன், 'பேராசிரியர்' என்று பட்டப்பெயர் வாங்கிய ஹோவர்ட் லெடரர். நட்சத்திர ஆட்டக்காரர்களோடு சேர்ந்து உட்கார்ந்து ஆடலாம், கற்றுக்கொள்ளலாம் என்பதுதான் விளம்பரமே. இங்கிலீஷ் கால்வாயில் உள்ள ஆல்டர்னி தீவின் லைசென்ஸ் வேறு. பட்டியல்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும்? தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

2011 ஏப்ரல் 15, ஒரு வெள்ளிக்கிழமை. அமெரிக்க அரசு ஃபுல் டில்ட், போக்கர்ஸ்டார்ஸ், அப்சல்யூட் மூன்றின் மீதும் வழக்குப் போட்டு முகவரிகளை முடக்கியது. அப்போதுதான் ஃபுல் டில்ட்டின் கல்லாவை உலகம் எட்டிப் பார்த்தது. மார்ச் 31ம் தேதி கணக்குப்படி ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியது சுமார் 39 கோடி டாலர். பாங்கில் இருந்தது சுமார் 6 கோடி. மிச்சம்? 2007லிருந்து முதலாளிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது 44 கோடி டாலருக்குக் கொஞ்சம் மேலே. கழித்தல் கணக்கு தெரிந்தவர்கள் போட்டுப் பாருங்கள்.

பி.காம். முதல் வருஷம், முதல் டெர்மிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: வாடிக்கையாளர் டெபாசிட் உன் வருமானம் இல்லைடா தம்பி, அது கடன். பாலன்ஸ் ஷீட்டில் இடது பக்கம் எழுது. அமெரிக்க அரசின் குற்றச்சாட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அமெரிக்க வாடிக்கையாளர்களின் பாங்குக் கணக்கிலிருந்து பணத்தை எடுக்க வழியில்லாமல் போனபோது, எடுக்காமலேயே எடுத்ததாக வரவு வைத்துவிட்டார்கள். இப்படிக் காற்றில் வந்த பணம் மட்டும் சுமார் 13 கோடி டாலர். அந்தப் பணத்தை வைத்து ஒருவர் ஆடித் தோற்பார். எதிரே நிஜப் பணம் கட்டியவர் ஜெயிப்பார். ஜெயித்தவர் கணக்கில் நம்பர் ஏறும். நம்பருக்குப் பின்னால் ஒரு காசு கிடையாது. இது போக்கர் கம்பெனியே இல்லை, உலகளாவிய போன்ஸி என்றார் அரசு வழக்கறிஞர் ப்ரீத் பராரா. (ஃபெர்குசனும் லெடரரும் தப்பை ஒப்புக்கொள்ளாமலேயே வழக்கைச் சமரசம் செய்துகொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) ஆல்டர்னி அதிகாரிகள் லைசென்ஸை நிறுத்தி வைத்தது ஜூன் 29. கஜானா காலியாகி, கதவும் கழன்று விழுந்தபிறகு பூட்டுப் போட்டார்கள்.

அதே வெள்ளிக்கிழமை, அதே வழக்கில் மாட்டிய போக்கர்ஸ்டார்ஸ் என்ன செய்தது? அமெரிக்க ஆட்டக்காரர்களின் பணத்தைச் சில வாரங்களுக்குள் எண்ணிக் கொடுத்துவிட்டது. அவர்கள் மகாத்மாக்கள் என்பதால் இல்லை. ஐல் ஆஃப் மேன் தீவில் அவர்களுக்கு லைசென்ஸ். ஆட்டக்காரர் பணத்தைக் கம்பெனிப் பணத்தோடு கலக்கக் கூடாது என்பது அங்கே விதி. கலக்காமல் வைத்திருந்தார்கள். அவ்வளவுதான். 2012ல் 73.1 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்து, ஃபுல் டில்ட்டையும் வாங்கி, அதன் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கும் பட்டுவாடா செய்தார்கள். இரண்டு கம்பெனிக்கும் 2011 மார்ச் மாதத்தில் நட்சத்திரம் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். வித்தியாசம் பாங்குப் பாஸ்புக்கில் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

நம் ஊர்ச் சீட்டுக் கம்பெனியைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் உண்டு. 1982ம் வருஷத்துச் சட்டப்படி, சீட்டு ஆரம்பிக்கும் முன்னாலேயே நடத்துகிறவர் சீட்டுத் தொகைக்கு ஈடாக ஜாமீன் டெபாசிட் கட்டியாக வேண்டும். தெருக்கோடியில் பதிவு செய்து சீட்டு நடத்துகிறவரிடம் நாம் எதிர்பார்க்கிற இந்த யோக்கியதையை, கோடி டாலர் புழங்குகிற ரூமிடம் ஏன் எதிர்பார்க்கக் கூடாது?

அடுத்து, 'எங்கள் சீட்டுக் கலைக்கும் முறை சோதித்துச் சான்றிதழ் பெற்றது' என்று ஒரு பெருமை. 1999லேயே ஒரு வேடிக்கை நடந்தது. பிளானட் போக்கர் என்ற ரூமில் ஓடிய சாஃப்ட்வேரின் கலைக்கும் முறையை, 'பாருங்கள், எவ்வளவு நேர்மை' என்று வெளியிட்டார்கள். சில கம்ப்யூட்டர் நிபுணர்கள் படித்துப் பார்த்தார்கள். 52 சீட்டை எத்தனை விதமாக அடுக்கலாம்? 68 இலக்க எண் வரும். ஆனால், அந்த புரோகிராம் நள்ளிரவிலிருந்து கடந்த மில்லி செகண்டுகளை வைத்துக் கலைத்தது. ஒரு நாளைக்கு 8 கோடியே 64 லட்சம் அடுக்கு மட்டும்தான் சாத்தியம். ரூமின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தை ஒத்துப்போகச் செய்ததும் அது இரண்டு லட்சம் சொச்சமாகச் சுருங்கியது. கையில் இரண்டு சீட்டு, மேஜையில் மூன்று சீட்டு, ஐந்தைப் பார்த்தால் போதும். மிச்ச அத்தனையும் இன்னது என்று அவர்கள் புரோகிராம் சொல்லிவிட்டது. பிழையைத் திருத்திக்கொண்டார்கள். நான் இதில் ரூமைத் திட்ட மாட்டேன். வெளியிட்டார்களே! மூடி வைத்துக்கொண்டு 'சான்றிதழ் இருக்கிறது' என்கிறவர்களைவிட இவர்கள் எவ்வளவோ மேல்.

போட் என்கிற இயந்திர ஆட்டக்காரர்களைப் பற்றி நிறைய எழுதலாம். சுருக்கமாக: 2019ல் ப்ளூரிபஸ் என்ற புரோகிராம் ஆறு பேர் மேஜையில் தொழில்முறை ஆட்டக்காரர்களையே தோற்கடித்துவிட்டது. போட்டும் ரேக் கட்டும். அதை விரட்ட ரூமுக்கு எவ்வளவு ஆசை இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

'போக்கர் திறமை விளையாட்டு சார், கோர்ட்டே சொல்லியிருக்கு' என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில், தமிழ்நாடு சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது வாஸ்தவம். அது விளையாட்டைப் பற்றிய தீர்ப்பு. மேஜை போட்டவனைப் பற்றியது இல்லை. எதிராளி உங்கள் சீட்டைப் பார்த்துக்கொண்டு ஆடும்போது, உங்கள் திறமையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

சேர்ந்தால் நூறு சதவீத போனஸ் என்பதை நம்பி நுழைகிறவர்கள், அது ரேக் கட்டக் கட்டத்தான் சொட்டுச் சொட்டாக விடுபடும் என்பதைப் பொடி எழுத்தில் படிக்க வேண்டும். கட்டின பணம் நொடியில் ஏறிவிடும். எடுக்கும் பணம் எத்தனை நாளில் வருகிறது என்று பாருங்கள். இழுத்தடிப்பு ஆரம்பித்தால், உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகிக்கப் பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை. ஃபுல் டில்ட்டின் அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் வரத் தொடங்கியது 2014ல். அப்சல்யூட், அல்டிமேட்பெட்காரர்களுக்கு 2017 வரை ஆனது. அங்கே வழக்குப் போட ஒரு அரசாங்கம் இருந்தது, பறிமுதல் செய்ய ஒரு சொத்து இருந்தது, விண்ணப்பம் கொடுக்க ஒரு அலுவலகம் இருந்தது. அப்படியும் ஆறு வருஷம். சைதாப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு, இங்கே தடை செய்யப்பட்ட ஆட்டத்துக்கு, முகவரி தெரியாத ஒரு ரூமுக்கு, கிரிப்டோவில் பணம் அனுப்புகிறவர் நாளைக்கு எந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனில் போய் என்னவென்று புகார் எழுதிக் கொடுப்பார்?