அடைத்தவரே பொறுப்பு

2014 ஜூலையில் கூகுள், யாகூ தளங்களின் பெயரில் போலிப் பாதுகாப்புச் சான்றிதழ்கள் உலவுவது வெளிச்சத்துக்கு வந்தது. அவை பிறந்த இடம் இந்திய அரசின் தேசியத் தகவலியல் மையம். அங்கே சான்றிதழ் வழங்கும் நடைமுறைக்குள் ஊடுருவல் நடந்துவிட்டதாக விளக்கம் தரப்பட்டது. அந்த மையத்துக்கு மேலே இருந்து அதன் சான்றிதழ்களுக்கு நம்பகம் தந்த இந்திய ரூட் சான்றிதழை மைக்ரோசாஃப்ட் தன் நம்பகப் பட்டியலில் வைத்திருந்தது. அதனால் விண்டோஸ் கணினிகள் போலிகளையும் அசலென்றே ஏற்கும் நிலை உருவானது. ஜூலை 10 அன்று மைக்ரோசாஃப்ட் அவற்றை நம்பத்தகாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. தானியங்கிப் புதுப்பிப்பு இயங்கிய கணினிகளுக்கு அந்தப் பட்டியல் தானாகவே போய்ச் சேர்ந்தது.

புதுப்பிப்பு முடக்கப்பட்டிருந்த கணினிகளின் கதி என்ன என்பதே நம் கேள்வி.

விண்டோஸின் குரூப் பாலிசியில் ரூட் சான்றிதழ்களின் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்த ஓர் அமைப்பு உண்டு. நிர்வாகி ஒருமுறை மாற்றினால் போதும், நிறுவனத்தின் எல்லாக் கணினிகளும் கட்டுப்படும். அப்படி மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம். இணையமே இல்லாத நெட்வொர்க்குகள் உண்டு. யாரை நம்புவது என்பதைத் தாங்களே முடிவு செய்ய விரும்பும் நிறுவனங்களும் உண்டு. 2011இல் சான்றிதழ் வழங்கும் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் உருவாக்கிய போலிச் சான்றிதழைக் கொண்டு ஈரானியர்களின் ஜிமெயில் வேவு பார்க்கப்பட்ட பிறகு, அந்த எச்சரிக்கை உணர்வைக் குறை சொல்ல முடியாது.

ஆனால், நிறுத்திவிட்டு மறப்பது நம்பிக்கைத் துரோகம். மேசையில் அமர்ந்திருக்கும் ஊழியரால் அந்த அமைப்பைத் திருத்த முடியாது. அது இருப்பதே அவருக்குத் தெரியாது. திரையில் பூட்டுக் குறியைப் பார்த்து வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுகிறார். பட்டியல் பழையதாகிப் போனதால் நல்ல தளங்களும் எச்சரிக்கை காட்டும்போது, அதைப் பொருட்படுத்தாமல் கடந்துபோகப் பழகுகிறார். பிறகு உண்மையான ஆபத்து வரும்போதும் அதே கை அதே பொத்தானை அழுத்தும்.

வழியில்லை என்ற சாக்கும் செல்லாது. நம்பகப் பட்டியலைத் தன் கையில் வைத்துக்கொண்டு, நம்பத்தகாதவற்றின் பட்டியலை மட்டும் தானாகப் புதுப்பிக்க விண்டோஸ் இடம் தருகிறது. இணையம் இல்லாத இடங்களில், வெளியே ஒரு கணினியில் ‘செர்ட்யூட்டில்’ கருவியால் பட்டியல்களை இறக்கி, உள்ளே ஒரு பொதுக் கோப்புறையில் வைத்து, கணினிகளை அதன் பக்கம் திருப்பிவிட்டால் எல்லாமே அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். தேவைப்படுவது ஒருவரின் சிறிது நேரமும் தவறாத ஒழுங்கும்தான்.

இந்தப் பழியைக் கடைநிலைத் தொழில்நுட்பப் பணியாளர் தலையில் கட்டக் கூடாது. கொள்கையில் கையெழுத்திடும் தலைமையே பதில் சொல்ல வேண்டும். புதுப்பிப்பை நிறுத்தியுள்ள ஒவ்வொரு அலுவலகமும் காரணத்தை எழுத்தில் வைக்கட்டும். பட்டியலைக் கொண்டுவரப் பொறுப்பாளரையும் கெடுவையும் குறிக்கட்டும். தணிக்கையில் அதைக் காட்டட்டும். இதற்கு முன்வராத நிர்வாகத்துக்கு, ஊழியர்களின் கணினியில் அந்த அமைப்பைத் தொடும் தார்மிக உரிமை இல்லை.